எழும்பூர் மியூசியத்தில் ஒரு முழு நாள்

நம்மில் பலரும் எழும்பூர் அருங்காட்சியகத்தைப் பள்ளிச் சுற்றுலாவில் வரிசையில் நடந்தபடியே பார்த்தவர்கள்தான். திமிங்கில எலும்புக்கூடு மட்டும் ஞாபகம் இருக்கும். பழைய மெட்ராஸ்காரர்கள் அதை 'செத்த காலேஜ்' என்றே சொல்வார்கள். போன மாதம் ஒரு வார நாளில், காலை ஒன்பதரைக்குத் திறந்ததும் உள்ளே போய், சாயங்காலம் மூடும் வரை இருந்தேன். இந்த முறை நேராகச் செப்புத்திருமேனிகள் இருக்கும் கட்டடத்துக்குத்தான் போனேன்.

திருவாலங்காட்டு நடராஜர் முன்னால் ஒரு பாட்டி நின்றுகொண்டிருந்தார். செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, கன்னத்தில் போட்டுக்கொண்டு, அப்புறம் அப்படியே அசையாமல் பார்த்துக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் போனதும், "எங்க ஊர்க் கோயில்ல இவரை இப்படி முழுசாப் பாத்ததே இல்லப்பா, பட்டும் மாலையும்தான் தெரியும்" என்றார். "ஆமாம் பாட்டி, முகமே பாதிதான் தெரியும்" என்றேன். அவர் சொன்னதுதான் அன்று முழுக்க என் கூடவே வந்தது. உற்சவ மூர்த்தியை அலங்காரத்தோடு பார்த்தே பழகிய நமக்கு, வார்த்தவரின் கை என்ன செய்திருக்கிறது என்பது இங்கே வந்தால்தான் தெரிகிறது.

இந்த நடராஜருக்குத் திருவாசி, அதாவது சுற்றி நிற்கும் தீச்சுடர் வளையம், இல்லை, விரிந்து பறக்கும் சடையும் இல்லை. 11-ஆம் நூற்றாண்டுச் சோழர் வேலை. சுற்றிலும் எதுவும் இல்லாததால் கண் நேராக உடம்புக்குப் போகிறது. கொஞ்சம் பக்கவாட்டில் நின்று பாருங்கள். மொத்த எடையும் காலடியில் கிடக்கும் அசுரன் முயலகன் மேல் ஊன்றிய, லேசாக மடங்கிய அந்த வலது முழங்காலில் இறங்குவது தெரியும், ஆனால் இடுப்புக்கு மேலே கனமே இல்லாத மாதிரி இருக்கும். பிரெஞ்சுச் சிற்பி ரோடான் இதை நேரில் பார்த்ததே இல்லை. புகைப்படங்களை மட்டும் வைத்து 1913-ல் உருகி உருகி எழுதினார். நமக்கோ எழும்பூர் ஸ்டேஷனில் இறங்கினால் நடந்தே போகிற தூரம்!

பாதி சிவன், பாதி பார்வதியாக இருக்கும் திருவெண்காட்டு அர்த்தநாரியையும் விட்டுவிடாதீர்கள். வலப்பக்கம் இரண்டு கை, இடப்பக்கம் ஒரே கை. ஆண் பக்கம் ஆடை தொடையோடு நிற்கிறது, பெண் பக்கம் கீழே வரை இறங்குகிறது, இடுப்பு வளைவும் அந்தப் பக்கம் வேறு. ஆனால் நடுவில் எங்கே மாறுகிறது என்று கோடு போட்டுக் காட்டவே முடியாது, நான் ரொம்ப நேரம் தேடிப் பார்த்தேன். இந்தச் சிலைகளை முதலில் மெழுகில் செய்து, மேலே மண் பூசி, மெழுகை உருக்கி வெளியேற்றி, அந்த வெற்றிடத்தில் உலோகத்தை ஊற்றுகிற முறை. அச்சை உடைத்துத்தான் சிலையை எடுக்க வேண்டும், அதனால் இன்னொன்று இதே மாதிரி கிடையாது.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அமராவதிச் சிற்பங்கள். ஆந்திராவின் கிருஷ்ணா நதிக்கரைப் புத்த ஸ்தூபியிலிருந்து வந்த வெளிர் சுண்ணாம்புக் கற்கள், இன்னொரு பெரிய பங்கு லண்டனில் பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது. இங்கே ஒரு வட்டச் சிற்பத்தில் நளகிரி என்ற மதம்பிடித்த யானை. ஒரு பக்கம் தெருவில் ஆளைத் துவம்சம் செய்கிறது, மறுபக்கம் அதே யானை புத்தர் காலடியில் மண்டியிடுகிறது. மேலே ஜன்னல்களில் ஜனங்கள் எட்டிப் பார்க்கிறார்கள். ஏறத்தாழ 1800 வருடத்துக்கு முந்தைய தெருக் கலவரம், சத்தம்கூடக் கேட்கும் போல இருந்தது.

மற்ற கூடங்களை வேகமாகத்தான் கடந்தேன். அதே வளாகத்தில் 1909-ல் திறந்த சிவப்புக் கட்டடமான விக்டோரியா நினைவு மண்டபத்தை வெளியிலிருந்து ஒரு சுற்றுப் பார்த்தேன், அதற்கே கால் மணி நேரம் தாராளமாகக் கொடுக்கலாம்.

குழந்தைகளோடு போகிறவர்கள் முதலில் யானை வட்டத்தைத் தேடிக் காட்டுங்கள், கதையைப் படத்திலேயே புரிந்துகொள்வார்கள். வெள்ளிக்கிழமை விடுமுறை, அதை மட்டும் பார்த்துக்கொண்டு கிளம்புங்கள்.