கே.பி.எஸ்ஸின் வெள்ளைச் சேலை எங்கட பெண்களுக்குப் பாடமா?

முத்தையன்கட்டு மகள்

போன வெள்ளி எங்கட ஊர்க் கோயில் திருவிழாவிலை நடந்ததை எழுதுறன். எந்தக் கோயில், பேசினது ஆர் எண்டு கேட்காதேங்கோ. ஆளை இழுக்க இந்தத் திரியைத் துவங்கேல்லை.

என்னட்டைச் சங்கீதம் படிக்கிற பன்னிரண்டு வயசுப் பிள்ளை "பழம் நீயப்பா" பாடினவள். 1965இல் வந்த திருவிளையாடல் படத்திலை, ஒளவையாரா நிண்டு கே.பி.சுந்தராம்பாள் பாடின பாட்டு. பிள்ளைக்கு மேல்ஸ்தாயியிலை மூச்சுக் கொஞ்சம் காணேல்லை, மற்றும்படி வடிவாப் பாடினவள். பிறகு பேச வந்த பெரியவர் கே.பி.எஸ்ஸைப் பற்றி இருபது நிமிசம் பேசினவர். இருபது நிமிசமும் ஒரே விசயம்தான். புருசன், நாடக நடிகர் கிட்டப்பா செத்தாப் பிறகு இருபத்தைஞ்சு வயசிலை வெள்ளை உடுத்தினவாவாம், நகை நட்டைக் கழட்டினவாவாம், கடைசி மட்டும் எந்த ஆம்பிளைக்கும் சோடியா நடிக்கேல்லையாம். "இதுதான் தமிழ்ப் பெண், இப்பத்தைய பிள்ளையள் இதைப் பார்த்துப் படிக்க வேணும்" எண்டு முடிச்சார்.

எனக்குப் பக்கத்திலை மணலிலை இருந்த வரிசையிலை மூண்டு பேர் 2009 போரிலை புருசனைப் பறிகுடுத்தவை. அப்ப அவையளுக்கு இருபது, இருபத்திரண்டு வயசு. ஒராள் மடியிலை நித்திரையாக் கிடந்த பிள்ளையைத் தூக்கித் தோளிலை போட்டுக்கொண்டு எழும்பிப் போனவ. செருப்பைத் தேடவும் நிக்கேல்லை.

வன்னியிலை நிண்டு கே.பி.எஸ்ஸைத் தியாகத் தெய்வமாக் காட்டுறதை நிப்பாட்ட வேணும். அவா ஒரு பாட்டுக்காரி, நடிகை. 1969இல் வந்த துணைவன் படத்துக்கு இந்தியாவின்ர தேசிய விருதை, சிறந்த பின்னணிப் பாடகி எண்டு வாங்கினவா. அப்ப அவாவுக்கு அறுபது வயசு கடந்திட்டுது. அடுத்த வருசம் பத்மஸ்ரீ. அந்த மேடையிலை இதிலை ஒரு சொல் வரேல்லை.

மாங்குளம் மாஸ்டர்

பிள்ளை, உங்கள் மனவருத்தம் எனக்கு விளங்குகிறது. அந்த இடத்தில், அந்தப் பெண்களுக்கு முன்னால் அப்படிப் பேசியது பிழை. ஆனால் பேச்சாளர் இடம் அறியாமல் பேசினார் என்பதற்காக வரலாற்றை நாங்கள் வெட்டி எறிய முடியாது.

கே.பி.எஸ் கிட்டப்பாவை முதலில் சந்தித்ததே எங்கள் நாட்டில், கொழும்பு நாடக மேடையில்தான். 1920களின் நடுப்பகுதி. அவர் செங்கோட்டைப் பிராமணர், ஏற்கெனவே மணமானவர். இவர் கொடுமுடியிலிருந்து வந்த ஏழைப் பிள்ளை. ஊர் என்ன சொல்லும் என்று பாராமல் அவரைக் கைப்பிடித்தார். 1933 டிசம்பரில் கிட்டப்பா காலமானபோது இவரை வெள்ளை உடுத்தும்படி எந்தச் சாத்திரமும் வற்புறுத்தவில்லை. கிட்டப்பாவுக்கு ஊரறிந்த மனைவி ஒருவர் இருந்தார். விரும்பியிருந்தால் இவர் ஒதுங்கித் தன் பாட்டில் வாழ்ந்திருக்கலாம். அப்படியிருந்தும் "நானும் அவர் மனைவிதான்" என்று உலகத்துக்குக் காட்டத்தான் அந்தச் சேலையை உடுத்தார். அது அவர் வலிந்து எடுத்துக்கொண்ட உரிமை. அதை மறைத்தால் மிஞ்சுவது பாதி சுந்தராம்பாள்தான்.

முத்தையன்கட்டு மகள்

மாஸ்டர், உரிமை எண்டு நீங்கள் சொன்னதை நான் இதுக்கு முதல் யோசிக்கேல்லை. அதை ஏற்கிறன்.

ஆனா ஒரு கேள்வி. கிட்டப்பா உயிரோட இருந்த காலம் என்ன சொர்க்கமா? சண்டை, பிரிவு, திரும்பச் சேருறது, திரும்பப் பிரிவு. அவா அவருக்கு எழுதின கடிதங்கள் அச்சிலை வந்திருக்கு. தன்னை விட்டிட்டுப் போன மனிசனுக்கு ஒரு பெண் எழுதின கடிதங்கள் அவை. இதெல்லாத்தையும் விட்டிட்டு வெள்ளைச் சேலையை மட்டும் மேடைக்குக் கொண்டு வாறது ஏன்? அந்தக் கதை கேட்கிற பெண்களை அடக்கி வைக்க உதவுது. அதுக்குத்தான்.

இன்னுமொண்டு. கிட்டப்பாவைக் காண முதலே அவா பாட்டுக்காரி. ரயிலிலை பாடிக் காசு வாங்கின சின்னப் பிள்ளையா இருந்து, நாடகக் கொம்பனிக்குப் போய், கடல் தாண்டிக் கொழும்பு வரைக்கும் வந்தவா. வரேக்கை அவாவோட வந்தது குரல் ஒண்டுதான்.

நெடுங்கேணி ஒலிபெருக்கி

வணக்கம். நான் கோயில்களுக்கும் கலியாண வீடுகளுக்கும் சவுண்ட் போடுறவன். படிப்புக் கொஞ்சம்தான், ஆனா இந்தக் குரலோட முப்பது வருசமாப் பழக்கம். அதாலை எழுதுறன்.

தொண்ணூறுகளிலை வன்னியிலை கரண்ட் இல்லை, பற்றரி தடை. பாட்டுக் கேட்க வேணுமெண்டால் சைக்கிளைக் கவிட்டு வச்சு, டைனமோவிலை இருந்து வயரை இழுத்து கசற் பிளேயருக்குக் குடுத்து, பெடலைக் கையாலை சுத்த வேணும். எங்கட அம்மம்மாவுக்கு வெள்ளிக்கிழமை எண்டால் கே.பி.எஸ் கேட்டாக வேணும். சுத்துறது நான்தான், அப்ப பத்து வயசு. கை ஓய்ஞ்சால் ரேப் மெதுவாப் போகும், குரல் அடித்தொண்டைக்கு இறங்கி ஆம்பிளைக் குரலாயிடும். "டேய், அவா அழுறா போலக் கிடக்கு, சுத்தடா" எண்டு அம்மம்மா கத்துவா. திரும்ப வேகமாச் சுத்துவன், குரல் எழும்பி முகட்டிலை முட்டும். வேறை பாட்டுக்காரரின்ர கசற்றும் அப்பிடிச் சுத்தியிருக்கிறன். மெதுவாப் போனா அந்தப் பாட்டுகள் கெட்டுப்போகும். கே.பி.எஸ்ஸின்ர குரல் ஆம்பிளைக் குரலா இறங்கினாலும் பாட்டாவே நிக்கும்.

பிறகு இந்தத் தொழிலுக்கு வந்தாப் பிறகுதான் காரணம் விளங்கினது. அவா மைக் இல்லாத காலத்து மேடையிலை வளர்ந்தவா. பின்வரிசையிலை நிலத்திலை இருக்கிறவனுக்கும் சொல் கேட்க வேணும். அதாலை வாயை முழுசாத் திறந்து, சொல்லைப் பிளந்து, மூச்சை நெஞ்சிலை பிடிச்சு எறியுற பாட்டு. அவாவின்ர பாட்டை ஹோர்ன் ஸ்பீக்கரிலை போட்டால் வயல் கடந்து குளக்கட்டுக்கும் "ஞானப்பழம்" எண்ட சொல் சொல்லாவே போய்ச் சேரும். இப்பத்தைய பாட்டைப் போட்டால் சத்தம் போகும், சொல் போகாது.

சேலையைப் பற்றி நீங்கள் கதையுங்கோ. எனக்கு இந்தக் குரலைப் பற்றி ஆரும் கதைக்காததுதான் கவலை.

மாங்குளம் மாஸ்டர்

தம்பி, நல்ல பதிவு. அந்த வெள்ளிக்கிழமையை நானும் கண்ணால் கண்டது போல இருக்கிறது.

பிள்ளைக்கு மறுமொழி. குரலும் விரதமும் வேறு வேறு என்று நீங்கள் பிரிக்கிறீர்கள். நான் பிரிக்க மாட்டேன். 1935இல் நந்தனார் படத்துக்குத் தயாரிப்பாளர் அசன்தாஸ் அவரைத் தேடி வந்தார். ஆண்களோடு சோடியாக நடிக்க மாட்டேன் என்ற உறுதி இருந்தபடியால்தான் அவர் நந்தனாகவே, ஆணாகவே நடித்தார். சம்பளம் ஒரு இலட்சம் ரூபாய். ஒரு சினிமாக் கலைஞர் இலட்சம் வாங்குவது அந்நாளில் கேள்விப்படாத செய்தி. கல்கி ஆனந்த விகடனில் அந்தப் படத்தைக் கடுமையாகக் கிழித்து எழுதினார், அது வேறு கதை. ஆனால் ஒரு பெண், சிதம்பரத்துக்குள் போகமுடியாமல் வெளியே நின்று உருகும் ஒடுக்கப்பட்ட மனிதனாக நின்று பாடினாள் என்பதை எண்ணிப் பாருங்கள். விரதம் இல்லாவிட்டால் அந்த வேடம் அவரிடம் வந்திராது.

1940இல் மணிமேகலை, 1953இல் ஜெமினி வாசன் எடுத்த ஒளவையார், 1964இல் பூம்புகாரில் கவுந்தியடிகள், 1973இல் காரைக்கால் அம்மையார். எல்லாம் துறவு. அந்தச் சேலை திறந்துவிட்ட வழி இது.

முத்தையன்கட்டு மகள்

திறந்த வழி எண்டுறியள். எனக்கு அது அடைபட்ட வழியாத் தெரியுது. ஒளவையார் கதையிலை என்ன வருது? கலியாணம் பேசி வரேக்கை பிள்ளையாரைக் கும்பிட்டு இளமையைக் குடுத்துக் கிழவியாகிறா. காரைக்கால் அம்மையார் வடிவத்தை உதறிப் பேயுருக் கேட்டவா. அந்தப் படத்திலை இளவயசுப் புனிதவதியா நடிச்சது லட்சுமி. கே.பி.எஸ்ஸுக்குக் கிடைச்சது அதுக்குப் பிறகான அம்மையார். முப்பது வயசிலை இருந்து ஒரு பெரிய நடிகைக்கு ஒரே வேசம்: உடம்பில்லாத பெண். அவா எடுத்த முடிவு அது எண்டால் நான் தலை வணங்குறன். ஆனா அதை எங்கட பிள்ளையளுக்கு உதாரணமாக் காட்டினால், "நீயும் உடம்பை விட்டிடு" எண்டுதானே கேட்கும்?

கனகராயன் ஆறு

இரண்டு பேரும் ஒரு விசயத்தைத் தொடேல்லை. அவா அரசியல்காரியும்தான். சத்தியமூர்த்தி காலத்திலை இருந்து காங்கிரஸ் மேடைகளிலை பாடினவா. 1951இல் சென்னை சட்ட மேலவைக்குப் போனவா, இந்தியாவிலை சினிமாவிலை இருந்து சட்டசபைப் படி ஏறின முதல் ஆள் எண்டு சொல்லுவினம். பூம்புகார் கருணாநிதி எழுதின படம். 1964இல் ஆளுறது காங்கிரஸ், எதிர்த்து நிக்கிறது தி.மு.க. அப்பிடியிருந்தும் அதிலை நடிச்சவா. துறவி, தியாகி எண்டு மட்டும் பார்த்தால் இந்தத் துணிவு கண்ணிலை படாது.

வற்றாப்பளையாள்

நான் இதிலை எழுதுறதில்லை, வாசிக்கிறது மட்டும்தான். இண்டைக்கு எழுத வேணும் போலக் கிடந்தது.

என்ர அவர் 2009 மே மாதம் வட்டுவாகலிலை வச்சுப் போனவர். செத்திட்டார் எண்டு ஆரும் எனக்குச் சொல்லேல்லை, இருக்கிறார் எண்டும் சொல்லேல்லை. நான் பொட்டு வைக்கிறன். அதுக்கும் ஊரிலை கதை, வைக்காட்டிலும் கதை. 2017 மாசியிலை கிளிநொச்சி கந்தசுவாமி கோயிலடியிலை, காணாமல் போனவையைத் தேடித் தாய்மார் இருந்த போராட்டப் பந்தலுக்கு நானும் படத்தோட போய் இருந்தனான். அங்கை பொழுது போகாத நேரம் தேவாரம் பாடுவன். எனக்குப் பாட்டு வரும் எண்டு அங்கைதான் மற்றவைக்குத் தெரிஞ்சது.

எங்கட ஊர் கோவலன் கூத்து ஊர். விடிய விடிய ஆடுவினம். மதுரையை எரிச்சுப்போட்டு வந்து கண்ணகை ஆறின இடம் எங்கட வற்றாப்பளை எண்டு சின்னனிலை இருந்து கேட்டு வளர்ந்தனாங்கள். வைகாசி விசாகத்துக்குச் சனம் கடல் போல வரும். கடல்தண்ணியிலை விளக்கெரியும். அந்தத் தாய் ஆர்? புருசனைப் பறிகுடுத்தவ. கொண்டவனைக் கொன்றவனிட்டைப் போய் நியாயம் கேட்டவ. அவவின்ர காலிலை விழுந்து குங்குமம் வாங்குற சனம், என்னை ஒரு கலியாண வீட்டிலை ஆலாத்திக்குக் கிட்ட விடாது. போன வருசம் ஒரு விழாவிலை குத்துவிளக்குக் கொளுத்த என்ர பேரை ஆரோ சொல்ல, இன்னொராள் காதுக்குள்ளை என்னவோ சொல்லி, பிறகு வேறை ஆளைக் கூப்பிட்டவை. நான் கையிலை தீப்பெட்டியோட நிண்டனான்.

அதாலை தங்கச்சி, நீங்கள் சொல்லுறது எனக்குச் சுடுது, மாஸ்டர் சொல்லுறதும் சுடுது. கே.பி.எஸ்ஸின்ர சேலையை மறைக்க வேண்டாம். அந்தச் சேலையோட அவா எங்கை நிண்டவா எண்டதைச் சொல்லுங்கோ. முன்னுக்கு நிண்டவா. வெள்ளையும் வெறும் கழுத்துமா நடு மேடையிலை நிண்டு முருகனை "வா" எண்டு கூப்பிட்டவா. சட்டசபையிலை இருந்தவா. இலட்சம் வாங்கினவா. "நீ தாலி இல்லாதவள், பின்னுக்குப் போ" எண்டு சொல்ல ஒருத்தருக்கும் துணிவு வரேல்லை. அந்தப் பெரியவர் இதைச் சொல்லியிருந்தால் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு எழும்பினவ இருந்து கேட்டிருப்பா.

மாங்குளம் மாஸ்டர்

தங்கச்சி, மூன்று தரம் வாசித்தேன். நாற்பது வருடம் பள்ளிக்கூடத்தில் ஒளவையாரும் கண்ணகியும் படிப்பித்தவன் நான். கண்ணகியை விதவை என்ற சொல்லோடு சேர்த்து ஒரு நாளும் நினைத்ததில்லை. வலிந்து எடுத்த உரிமை என்று மேலே எழுதியதை நான் மாற்றமாட்டேன். ஆனால் ஒருவர் வலிந்து எடுத்ததை மற்றவருக்குப் பாடமாக விதிக்க முடியாது என்று அதோடு சேர்த்து எழுதியிருக்க வேண்டும்.

முறிகண்டியான்

குத்துவிளக்கு விசயம் கோயில் வழமை. அதை இந்த விவாதத்தோட கலக்க வேண்டாம். ஒரு பாட்டுக்காரியைப் பற்றிக் கதைக்க வந்து ஊர் வழக்கத்தைக் குலைக்கிறது சரியில்லை.

முத்தையன்கட்டு மகள்

அண்ணை, கலந்துதான் கிடக்கு. அண்டைக்கு மேடையிலை கலந்தது நாங்களில்லை. தீப்பெட்டியோட நிண்ட ஆளுக்கு வழமை எண்டு சொல்லுறதை விட வேறை மறுமொழி இருந்தால் எழுதுங்கோ, வாசிக்கிறன்.

வற்றாப்பளை அக்கா, நான் சேலையை மறைக்கச் சொன்னது பிழை. நீங்கள் எழுதினதை அச்செடுத்து என்ர வகுப்பிலை வாசிச்சுக் காட்டப் போறன், உங்களுக்குச் சம்மதமெண்டால். இன்னுமொரு விண்ணப்பம். அடுத்த மாசம் எங்கட வகுப்பின்ர ஆண்டு விழா, கோயிலிலை இல்லை, பொதுமண்டபத்திலை. விளக்கை நீங்கள் கொளுத்த வேணும். பிறகு பிள்ளையளோட சேர்ந்து ஒரு பாட்டுப் பாட வேணும்.

வற்றாப்பளையாள்

வாசியுங்கோ. வாறன். விளக்குக்கு மட்டும் எண்டால் வரமாட்டன், பாட்டும் இருக்கிறதாலை வாறன். "பழம் நீயப்பா"வையே பாடுவம். எனக்கு அந்த உச்சம் எட்டாது, அரைக்கட்டை இறக்கிப் பாடினால் பிள்ளையளுக்குக் கரைச்சலோ?

முத்தையன்கட்டு மகள்

இல்லை அக்கா, பிள்ளையளுக்கும் அது சுகம். ஞாயிறு பின்னேரம் ஒத்திகைக்கு வாங்கோ.

நெடுங்கேணி ஒலிபெருக்கி

சவுண்டுக்கு நான் வாறன், காசு வேண்டாம். மைக்கை வாயிலை இருந்து ஒரு முழம் தள்ளி வைப்பன் அக்கா, கிட்ட வர வேண்டாம். உந்தப் பாட்டைக் கிட்ட நிண்டு பாடினால் உடையும். எட்ட நிண்டு, வாயைத் திறந்து பாடுங்கோ. மிச்சத்தை ஹோர்ன் பார்த்துக்கொள்ளும்.