மறு: சிரிஞ்சின் டெட் ஸ்பேஸ் – ‘தேங்கிடம்’ எனலாமா?

அன்புள்ள குழுவினர்க்கு,

சிரிஞ்சை அடிவரை அழுத்திய பிறகும் உள்ளே கொஞ்சம் திரவம் தங்கிவிடும் இடம்தான் ‘டெட் ஸ்பேஸ்’. ஊசிவழி போதை மருந்து எடுப்போருக்கான துண்டறிக்கையில் இதற்கு என்ன தமிழ்ச்சொல் போடலாம் என்பதுதான் நம் பேச்சு.

> ‘இறந்த வெளி’ என்றே போட்டுவிடலாமே?

ஐயா, எனக்கு உடன்பாடில்லை. செத்தது எது, வெளி எங்கே என்று படிப்பவருக்கு விளங்காது. நேற்று ஊசியைக் கழற்றி மாட்டும் 2 மி.லி. சிரிஞ்சு ஒன்றில் சிவப்பு மைத்தண்ணீரை இழுத்து, தண்டை அடிவரை அழுத்தினேன். ஊசியும் குழலும் சேரும் கழுத்தில் ஒரு பொட்டு மை நின்றுவிட்டது. நல்ல தண்ணீரை இழுத்ததும் குழல் முழுக்க இளஞ்சிவப்பு. ஊசி ஒட்டியே வரும் இன்சுலின் சிரிஞ்சில் நிறமே தெரியவில்லை. அளந்து பார்த்த ஆய்வாளர்கள் முன்னதில் சுமார் 84 மைக்ரோலிட்டர் தங்குகிறது, பின்னதில் சுமார் 2 என்கிறார்கள்.

போதை மருந்தை ரத்தக் குழாயில் ஏற்றுகிறவர் ரத்தம் வருகிறதா என்று இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் அழுத்துவார். கழுத்தில் நிற்பது அந்த ரத்தம். அவருக்கு எச்.ஐ.வி. இருந்து, அதே சிரிஞ்சை அடுத்தவர் எடுத்தால் அதுவும் கூடவே போகலாம். மணிப்பூரில் 1989 செப்டம்பர் வரை ஊசிவழி ஹெராயின் எடுப்போரிடம் எச்.ஐ.வி. தென்படவில்லை. சில மாதங்களுக்குள் சோதிக்கப்பட்டவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு இருந்தது. ஒரே சிரிஞ்சு பல கை மாறியதன் விளைவு அது.

> ‘எச்ச இடம்’ எப்படி?

பொருள் பொருத்தம்தான் அம்மா. ஆனால் எச்சம் என்றதும் காதில் எச்சில் என்று விழுகிறது. வீடும் தெருவும் ஏற்கெனவே தள்ளிவைத்த ஒருவர் கையில் கொடுக்கப்போகும் துண்டறிக்கை இது. அந்தச் சொல்லை அவர் தன்மேல் ஏற்றிக்கொள்வார். எனக்கு மனம் வரவில்லை.

‘தேங்கிடம்’ என்றால் மழைநீர் பள்ளத்தில் நிற்பது கண்முன் வரும், யார்மேலும் பழி விழாது. நுரையீரல் டெட் ஸ்பேஸுக்கும் (காற்று போய்வந்தாலும் ரத்தத்தில் ஆக்சிஜன் சேராத மூச்சுவழிப் பகுதி) இதே சொல் வேண்டும் என்றால் நான் ஒப்பமாட்டேன். அங்கே காற்று வந்து போகிறது, தேங்குவதில்லை.

இனி ‘லோ டெட் ஸ்பேஸ் சிரிஞ்சு’, அதாவது தேங்கிடம் குறைவாக உள்ள சிரிஞ்சு. போதை மருந்து ஏற்றுவோருக்குப் புது ஊசி வழங்கும் திட்டங்களில் இவற்றையும் கொடுக்கும்படி உலக சுகாதார நிறுவனம் 2012-இல் பரிந்துரைத்தது, ஆகவே இந்தச் சொல் அடிக்கடி தேவைப்படும். ‘தேங்காச் சிரிஞ்சு’ வேண்டாம்: காதுக்குத் தேங்காய், பொருளும் பிழை, துளியும் தேங்காத சிரிஞ்சு கிடையாது. ‘குறைதேக்கச் சிரிஞ்சு’ என்பது என் முன்மொழிவு.

மருந்துக்கடையில் வேலை செய்யும் நண்பர்களே, கடைக்கு வருகிறவர்கள் இதை எப்படிக் கேட்கிறார்கள்? ‘இன்சுலின் ஊசி’ என்றுதான் கேட்கிறார்கள் என்றால் துண்டறிக்கையில் அதையும் பக்கத்தில் போட்டுவிடுகிறேன்.

அன்புடன்