ஆச்சியைப் பார்த்துக்கொண்ட பிறகு ஒரு கேள்வி

அம்பாசமுத்திரத்துக்காரன்: வயது 52. எங்கள் ஆச்சி இடுப்பெலும்பு முறிந்து நான்கு வருடம் கட்டிலிலேயே கிடந்தாள். ராத்திரி இரண்டு மணிக்கொரு தடவை அம்மாதான் புரட்டிப் படுக்க வைப்பாள். என் பிள்ளைகள் இருவரும் பெங்களூரில். மெடிக்கல் பாலிசி இருக்கிறது. நாளைக்கு நானும் அப்படிக் கிடந்தால், வீட்டில் ஆள் வைத்துப் பார்க்க அதில் பணம் வருமா?

பாளை வாசகர்: வராது அண்ணாச்சி. அது ஆஸ்பத்திரிச் செலவுக்கு. டிஸ்சார்ஜுக்குப் பிறகு கொஞ்ச நாள் மருந்துக்குத் தருவார்கள், அவ்வளவுதான். அமெரிக்காவில் இதற்கென்றே பாலிசி உண்டு. குளிப்பது, உடுப்பது, சாப்பிடுவது மாதிரி ஆறு காரியங்களில் இரண்டை ஒருவரால் தனியாகச் செய்ய முடியாவிட்டால் பணம் வரும்.

தென்காசிக்காரி: 70 வயதாகிவிட்டால் மத்திய அரசின் ஆயுஷ்மான் மருத்துவக் காப்பீட்டில் வருடம் 5 லட்சம் வரை, வருமானம் பார்ப்பதில்லை. ஆனால் அதுவும் ஆஸ்பத்திரிக்குத்தான். ஆள் சம்பளத்துக்கு நாமே சேர்க்க வேண்டும். 60க்குப் பிறகு தபால் ஆபீஸில் மூத்த குடிமக்கள் சேமிப்பில் 30 லட்சம் வரை போடலாம். மூன்று மாதத்துக்கொரு தடவை வட்டி வரும்.

அம்பாசமுத்திரத்துக்காரன்: சரி, இன்னும் எட்டு வருடம் இருக்கிறது. முதலில் மச்சுப்படி ஏறாமல் கீழேயே ஒரு கக்கூஸ் கட்டுகிறேன். ஆச்சி விழுந்தது அந்தப் படியில்தான்.