பீஸ் ஆற்றில் கிடைத்த ஓட்டுத் துண்டுகள்: ஆமைதானா, எவ்வளவு பெரியது?

கூழாங்கல்:
வணக்கம். புளோரிடாவில் ஆர்கேடியா பக்கம் பீஸ் ஆற்று மணலைச் சலித்தபோது கறுத்துப்போன மூன்று துண்டுகள் கிடைத்தன. ஒன்று உள்ளங்கை அளவுத் தட்டு. மேல்பக்கம் வழவழப்பு, குறுக்கே மெல்லிய பள்ளக் கோடு. இரண்டாவது ஆப்பு வடிவம், ஒரு ஓரம் மட்டும் கூர்மை. மூன்றாவது நெல்லிக்காய் அளவில் கூம்பு. உடம்பெல்லாம் எலும்புக் கவசமுள்ள பாலூட்டி அர்மடில்லோவுடையது என்கிறார் நண்பர். எனக்கு ஆமை என்று படுகிறது.

மணல்வாரி:
முதலில், பெர்மிட் இருக்கிறதா? அந்த ஆற்றில் சுறாப்பல் தவிர முதுகெலும்புள்ள எதன் புதைபடிவத்தை எடுத்தாலும் வேண்டும்.

சரி, தட்டின் உடையாத ஓரத்தைப் பாருங்கள். பல் பல்லாக இருந்தால் அது எலும்பும் எலும்பும் கோத்துக்கொண்ட இடம். மேலே ஓடும் பள்ளம் வேறு சமாச்சாரம்: எலும்பைப் போர்த்தியிருந்த கொம்புத் தகடுகள் சந்தித்த கோடு அது. இரண்டும் ஒரே துண்டில் இருந்தால் ஆமைதான், அர்மடில்லோவை மறந்துவிடலாம். மேல்பக்கம் முழுக்க அம்மைத் தழும்பு மாதிரிக் குழி இருந்தால் மென்னோட்டு ஆமை. உங்களுடையது வழவழப்பு என்கிறீர்களே.

கூழாங்கல்:
பெர்மிட் உண்டு. ஓரம் பல் பல்லாகத்தான் இருக்கிறது. தடிமன் 14 மி.மீ. இதை வைத்து அளவு சொல்ல முடியுமா?

ஓட்டுக்காரன்:
தடிமனை நம்பவே வேண்டாம். ஒரே ஓட்டில் விலாப் பக்கம் மெலிந்திருக்கும், அடிவயிற்றுத் தகட்டின் முன்னுதடு தடித்திருக்கும். உதவப்போவது உங்கள் இரண்டாவது துண்டு. அது விளிம்பு எலும்பு. இரண்டு பல்லோரங்களுக்கும் இடையில், கூர்மையான ஓரத்தை ஒட்டி அளந்து சொல்லுங்கள்.

கூழாங்கல்:
9 செ.மீ.

ஓட்டுக்காரன்:
நல்ல அளவு! பக்கத்துக்கு 11 விளிம்பு எலும்பு. முன்னே கழுத்துத் தட்டிலும் பின்னே வால் தட்டிலும் பாதிப்பாதி சேர்த்தால் 12 என்று வைப்போம். 12 × 9 = 108 செ.மீ. அரைச்சுற்று. நீளமும் அகலமும் 4:3 என்றால், அரைச்சுற்று நீளத்தைப் போல சுமார் 1.4 மடங்கு வரும். ஆக ஓடு ஏறத்தாழ 77 செ.மீ. எல்லா விளிம்பெலும்பும் ஒரே அகலம் இல்லை, அதனால் 70 முதல் 85 வரை என்று எழுதி வையுங்கள்.

இன்று அங்கே வாழும் கோஃபர் ஆமை ஒன்றரை அடியைக்கூடத் தாண்டாது. அதனால் என் ஊகம், அழிந்துபோன ராட்சத நில ஆமை ஹெஸ்பெரோடெஸ்டுடோ. கூம்புத் துண்டும் அதன் கால் தோலில் பதிந்திருந்த எலும்புக் கவசமாக இருக்கலாம்.

மணல்வாரி:
மூன்றும் ஒரே ஆமையுடையது என்று மட்டும் முடிவு கட்டாதீர்கள். அந்த ஆறு பல காலத்து எலும்புகளையும் கலந்து உருட்டுகிறது. துண்டுகளை வைத்து மொத்த ஆமையைக் கட்டினால் பெரிய ஆட்களுக்கே சறுக்கும்: இமயமலை அடிவாரத்துச் சிவாலிக் மலையில் கிடைத்த ராட்சத ஆமையின் ஓட்டை, 1840களில் புதைபடிவ ஆய்வாளர்கள் பால்கனரும் காட்லியும் 12 அடிக்கு மேல் நீளம் என்று கணக்குப் போட்டார்கள். இப்போதைய கணக்கு சுமார் 2 மீட்டர்தான்.

கூம்பின் அடிப்பக்கத்தை அளவுகோலோடு படம் எடுத்துப் போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.