மடிக்கணினியைப் பேணப் பிள்ளைகளுக்கு எப்படிக் கற்பிக்கிறீர்கள்?

வணக்கம். கொழும்பில் தரம் 6 முதல் 8 வரையான பிள்ளைகளுக்குத் தகவல் தொழில்நுட்பம் கற்பிக்கிறேன். உங்கள் உதவி தேவைப்படுகிறது.

இந்தத் தவணையில் மட்டும் மூன்று மடிக்கணினிகளின் திரை உடைந்துவிட்டது. போன வாரம் ஒரு மாணவி, விசைப்பலகையின் மேல் பென்சில் கிடந்ததைக் கவனிக்காமல் மூடியை அழுத்தினாள். படக்கென்று ஒரு சத்தம். திறந்து பார்த்தால் திரையின் நடுவில் மை ஊறியதுபோல் கறுப்பு பரவியிருந்தது. அவளுக்குப் பேச்சே வரவில்லை. அம்மா மாதாமாதம் பணம் கட்டி வாங்கிக் கொடுத்தது அது.

திட்டுவதில் எனக்கு நம்பிக்கையில்லை. திரையைப் பிடித்துத் தூக்காதே என்று எழுதிச் சுவரில் ஒட்டினேன், ஒருவரும் வாசிக்கவில்லை. காரணம் புரிந்தால்தான் கை பழகும். வெள்ளவத்தைப் பிள்ளைகள் யன்னல் கம்பி துருப்பிடிப்பதைப் பார்த்து வளர்ந்தவர்கள். கடலின் உப்புக்காற்று மடிக்கணினியின் இணைப்பு முனைகளையும் அரிக்கும் என்றதும் சட்டென்று பிடித்துக்கொண்டார்கள். மெத்தையில் வைத்தால் காற்றுத்துளை அடைபட்டுச் சூடேறும், சூடு லித்தியம் மின்கலத்தின் ஆயுளைக் குறைக்கும் என்பதையும் அப்படியே காட்ட வேண்டும்.

பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசா பக்கம் கணினி திருத்துபவர்கள் இங்கே இருக்கிறீர்களா? கழித்துப்போட்ட மடிக்கணினி ஒன்றை, மின்கலத்தைக் கழற்றிவிட்டு, தர முடியுமா? விசிறியில் அடைந்த தூசியைப் பிள்ளைகளே திறந்து பார்க்கட்டும்.

ஆசிரியர்களிடம் இன்னொரு கேள்வி: மழை நாளில் 100ஆம் இலக்க பஸ் நெரிசலில் வரும் பிள்ளைகளின் பை நனையாமலிருக்க என்ன வழி சொல்லிக்கொடுக்கிறீர்கள்? தண்ணீர்ப் போத்தலைத் தனியாகக் கொண்டுவரச் சொன்னால் கேட்கிறார்களா?