மாடியில அமுக்கரா வளர்க்கறவங்க கொஞ்சம் வாங்க, செடி மஞ்சளாகுது

ஈரோட்டு மாடி:
எல்லாருக்கும் வணக்கம். மன அழுத்தம், தூக்கம் வராததுக்கெல்லாம் நல்லதுன்னு யூடியூப்ல அடாப்டோஜென் அடாப்டோஜென்னு சொல்றாங்களே, அதுல பாதி நம்ம நாட்டு மருந்துக் கடைச் சாமான்தான்னு தெரிஞ்சதும் ஆசையாயிருச்சு, அமுக்கரா (அதாங்க அஸ்வகந்தா), சீந்தில், தண்ணீர்விட்டான் மூணையும் நர்சரில வாங்கி குரோ பேக்ல வெச்சிருக்கேன். மத்தது ரெண்டும் நல்லாதான் இருக்கு. அமுக்கராவுக்கு தென்னைநார்க் கழிவும் மண்புழு உரமும் போட்டு டெய்லி தண்ணி ஊத்தச் சொன்னாங்க, அப்படியே செஞ்சேன், தளதளன்னு இடுப்பு உயரம் வந்துச்சு. இப்ப ரெண்டு நாள் மழைக்கப்புறம் கீழ் இலையெல்லாம் மஞ்சளாகி தண்டு அடியில கருக்குது. காப்பாத்த முடியுமா? அப்புறம் இதோட இலையை டீ போட்டுக் குடிக்கலாம்னு ஒரு வீடியோல பார்த்தேன், குடிக்கலாமா? நான் தைராய்டு மாத்திரை போடறேன், அதையும் சொல்லிடறேன்.

செம்மண் காடு:
அக்கா, தண்டு அடியில கருத்துட்டா அது வேரழுகல், அந்தச் செடி இனி தேறாது. பழம் பழுத்திருந்தா மட்டும் விதை எடுத்து வெச்சுக்கோங்க, சொடக்குத் தக்காளி மாதிரியே காகிதப் பை போட்ட உறைக்குள்ள மிளகு சைஸ்ல செவப்பா இருக்கும். அமுக்கரா வறண்ட காட்டுப் பயிருங்க. மத்தியப் பிரதேசத்துல நீமச், மந்த்சௌர் பக்கம்தான் அதிகமா போடறாங்க, அங்க மானாவாரியாவே விளையுது, மழை ஓயற சமயம் பார்த்து விதைச்சு பனிக்காலம் பூரா காய விட்டுத்தான் வேர் எடுக்கறாங்க. நமக்கு வேணுங்கறது வேருதானே, சத்தும் தண்ணியும் தாராளமா குடுத்தா இலைதான் தழைக்கும், வேர் பருக்காது.

நம்ம ஊருக்கு ஐப்பசி கார்த்திகை மழை முடிஞ்சு மார்கழில விதை போடுங்க. செம்மண் ரெண்டு பங்கு, மணல் ஒரு பங்கு, மக்குன தொழுவுரம் ரெண்டு கைப்பிடி, அவ்வளவுதான். பை ஒன்றரை அடி ஆழமாச்சும் இருக்கட்டும், அடியில ஓட்டை நிறைய போடுங்க. விரலை விட்டுப் பார்த்து ரெண்டு இஞ்சுக்குக் கீழயும் காஞ்சிருந்தா மட்டும் தண்ணி. அஞ்சாறு மாசத்துல இலை காஞ்சு பழம் செவந்துரும், அப்ப பையைக் கிழிச்சு வேரை முழுசா எடுங்க, பச்சை வேர்ல ஒரு குதிரை வாடை அடிக்கும், அது இயல்புதான். கழுவி விரல் நீளத்துக்கு நறுக்கிக் காய வெச்சு, ஒடிச்சா பட்டுனு ஒடியணும், உள்ள வெள்ளையா மாவாட்டம் இருக்கணும். வளைஞ்சா இன்னும் ரெண்டு நாள் காயட்டும், ஈரத்தோட டப்பாவுல போட்டா பூஞ்சை பிடிச்சிரும்.

நெல்லை மருந்தாளுநர்:
செடி விஷயத்துல தம்பி சொன்னது சரி. ஆனா சிஸ்டர், நீங்க தைராய்டு மாத்திரை போடறேன்னு சொன்னீங்களே, அதுதான் முக்கியம். அமுக்கரா தைராய்டு ஹார்மோனைக் கூட்டக்கூடியது. மாத்திரையும் அதுவும் சேர்ந்தா அளவு எகிறி படபடப்பு, தூக்கம் கெடறதுன்னு எதுக்கு சாப்பிடறீங்களோ அதுக்கு நேர்மாறா போயிரலாம். டாக்டர்கிட்ட சொல்லாம வேரும் வேண்டாம், பொடியும் வேண்டாம்.

இலை டீ யாருக்குமே வேண்டாம். வேரைத்தான் பயன்படுத்தணும், இலையைத் தவிர்க்கணும்னு ஆயுஷ் அமைச்சகமே 2021ல சொல்லியிருக்கு. கர்ப்பிணிகள், ஈரல் பிரச்சனை இருக்கறவங்க, தூக்க மாத்திரை போடறவங்களும் தொடக்கூடாது. ஸ்ட்ரெஸ், தூக்கத்துக்கு ஓரளவு பலன் தெரியுதுன்னு ஆய்வு இருக்கறது உண்மை, ஆனா பெரும்பாலும் சின்னச் சின்ன ஆய்வு, ரெண்டு மூணு மாசக் கணக்கு, வருஷக்கணக்கா சாப்பிட்டா என்ன ஆகும்னு அதை வெச்சு சொல்ல முடியாது. சித்த வைத்தியத்துலயும் வேரை பால் ஆவில அவிச்சு சுத்தி பண்ணித்தான் சூரணம் இடிப்பாங்க.

சீந்திலையும் ஒரு தடவை பாருங்க. கொடி மேல தோல் மெல்லிசா காகிதம் மாதிரி உரிஞ்சா நல்ல சீந்தில். தண்டு முழுக்க மரு மாதிரி முண்டு முண்டா இருந்தா அது வேற இனம், இலை ரெண்டுலயும் இதய வடிவம்தான், அதனால இலையை வெச்சு கண்டுபிடிக்க முடியாது. சீந்தில் சாப்பிட்டு ஈரல் பாதிச்ச கேஸ்களும் மும்பைல பதிவாயிருக்கு, அதனால தினமும் கஷாயம்னு ஆரம்பிக்காதீங்க.

வல்லாரைப் பிரியை:
தண்ணீர்விட்டானை அவசரப்பட்டுத் தோண்டாதீங்கம்மா, ஒன்றரை ரெண்டு வருஷம் விட்டாத்தான் கிழங்கு விரல் விரலா கொத்தா இறங்கும். முள்ளு கிழிக்கும், கையுறை போட்டுக்கோங்க. பிடுங்கினதும் தோலை உரிச்சு நடுவுல ஓடற நரம்பை இழுத்துப் போட்டுட்டு நறுக்கிக் காய வைக்கணும், ஒரு நாள் விட்டா தோல் உரியவே உரியாது. தினப்படி சமையலுக்கு ஏதாச்சும் வேணும்னா வல்லாரை வைங்க, தண்ணித் தொட்டி நிழல்ல ஈரத்துலயே படர்ந்துக்கும், துவையல் அரைச்சா இட்லிக்கு அவ்வளவு நல்லாருக்கும்.

ஈரோட்டு மாடி:
ரொம்ப நன்றிங்க எல்லாருக்கும். டீ ஐடியாவை விட்டாச்சு, அடுத்த வாரம் டாக்டரைப் பார்க்கறேன். சீந்தில் தண்டை இப்பத்தான் போய்ப் பார்த்தேன், தோல் உரியுது, மரு இல்ல. வீட்டு வாசல்ல முருங்கை, வேம்பு ரெண்டும் இருக்கு, எதுல ஏத்தறது?

செம்மண் காடு:
வேம்புலயே ஏத்துங்கக்கா, வேம்புல ஏறின சீந்தில்தான் ஒசத்தின்னு வைத்தியருங்க கேட்டு வாங்குவாங்க. முருங்கைல வேண்டாம், வருஷா வருஷம் கவாத்து பண்ணும்போது கொடியும் சேர்ந்து போயிரும்.