கரிகாலன் புதிர்: மதிப்பெண் யாருக்கு?

புதிர்வாத்தியார்

பள்ளி இலக்கிய மன்றப் போட்டிக்கு நான் எழுதிக் கொடுத்த சொற்புதிர் இது:

முன்பாதி அடுப்பில் கிடக்கும், காட்டிலும் நடக்கும்.
பின்பாதி தரையில் ஊன்றும், உயிரையும் வாங்கும்.
சேர்ந்தால் சோழன்.
இளமையில் பகை சூழ்ந்தது. முடியால் பேர் பெற்றான்.
யார்?

நான் நினைத்த விடை சங்ககாலத்துக் கரிகால் பெருவளத்தான். ஓர் அணி அப்படியே எழுதியது. இன்னோர் அணியில் ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி "ஆதித்த கரிகாலன், ராஜராஜனின் அண்ணன்" என்று எழுதினாள். தப்பு என்று போட்டேன். அந்த ஒரு கேள்வியில்தான் அவர்கள் அணி தோற்றது. பிறகு அவள் என்னிடம் வந்து, "சார், என் விடைக்கு எந்த வரி பொருந்தலைன்னு காட்டுங்க" என்றாள். எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. திங்கட்கிழமை சொல்கிறேன் என்றிருக்கிறேன். உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.

வெண்ணிப்பறந்தலை

ஐயா, மதிப்பெண்ணை மாற்ற வேண்டாம். உங்கள் விடைதான் சரி.

கரி அடுப்பில் கிடக்கும், யானையாகக் காட்டில் நடக்கும். கால் தரையில் ஊன்றும், காலன் உயிரை வாங்குவான். இதுவரை இருவருக்கும் பொது. நான்காம் வரியில்தான் பிரிகிறது. இளமையில் பகை சூழ்ந்தது என்றால் பட்டினப்பாலையைப் பாருங்கள். "கொடுவரிக் குருளை கூட்டுள் வளர்ந்தாங்கு", அதாவது கூண்டில் வளர்ந்த புலிக்குட்டி போல, பகைவர் சிறையில் இருந்து வளர்ந்தவன். முடி என்பது நரைமுடி. வழக்குத் தீர்க்க வந்த முதியவர்கள் "இவன் சின்னப் பையன்" என்று தயங்க, நரைமுடி வைத்துக்கொண்டு வந்து தீர்ப்புச் சொன்னான். பழமொழி நானூற்றில் "நரைமுடித்துச் சொல்லால் முறைசெய்தான் சோழன்" என்று இருக்கிறது. இதற்கு மேல் என்ன வேண்டும்?

கல்வெட்டுநேசன்

அந்த மாணவி எழுதியதும் சரியான விடைதான். மதிப்பெண் கொடுக்க வேண்டும்.

நண்பர் காட்டிய இரண்டு சான்றிலும் கரிகாலன் என்ற பெயர் எங்கே? பட்டினப்பாலையின் பாட்டுக்குள் அவன் திருமாவளவன். பழமொழி வெண்பாவில் வெறும் "சோழன்". உரைகாரர்களும் மரபும் சேர்த்துச் சொல்லித்தான் அவனைக் கரிகாலன் என்று அறிகிறோம். என் பக்கம் பெயர் கல்லிலேயே இருக்கிறது. காட்டுமன்னார்கோயில் உடையார்குடி அனந்தீஸ்வரர் கோயில் கல்வெட்டு, ராஜராஜனின் 2ஆம் ஆட்சியாண்டு. கொலைகாரர்களின் சொத்தைப் பறிமுதல் செய்த செய்தியில் வரும் சொற்கள்: "பாண்டியனைத் தலைகொண்ட கரிகாலசோழனைக் கொன்று". ஆதித்தன் என்ற சொல்கூட இல்லை, கரிகாலசோழன் மட்டும்தான். "சேர்ந்தால் சோழன்" என்ற மூன்றாம் வரியை இதைவிடச் சுத்தமாக எழுத முடியுமா?

அப்புறம் முடி. அவனுடைய கல்வெட்டுகள் "வீரபாண்டியன் தலைகொண்ட கோப்பரகேசரி" என்றுதான் தொடங்கும். வெட்டிய தலையே அவனுக்குப் பட்டப்பெயராக ஆனது. முடியால் பேர் பெற்றவன் என்றால் இவனுக்குத்தான் எழுத்துக்கு எழுத்துப் பொருந்துகிறது. சங்கச் சோழனுக்குப் பேர் வந்தது காலால், முடியால் இல்லை.

தமிழம்மா

உங்கள் சண்டைக்கு நடுவில் முதல் வரியைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள் தம்பிகளா. முப்பது வருடம் இலக்கணம் நடத்தியவள்.

அடுப்புக்கரி என்பது பெயர்ச்சொல். அதோடு க, ச, த, ப சேர்ந்தால் ஒற்று மிகும்: கரிக்கட்டை, கரித்துண்டு. அந்தக் கரியோடு கால் சேர்ந்தால் "கரிக்கால்" என்றுதான் ஆகும். நம்மவன் பெயர் கரிகால். நடுவில் க் இல்லை. ஏன்? அது வினைத்தொகை. ஊறுகாய், சுடுகாடு, சுடுசோறு போல. கரிந்த கால், கரிகின்ற கால், கரியும் கால் என்று மூன்று காலத்துக்கும் விரியும். வெறும் கறுத்த நிறம் என்றால் கருங்கால் என்பார்கள், கருங்கால் வேங்கை மாதிரி. ஆக அடுப்பில் கிடக்கும் கரி அந்தப் பெயருக்குள் இல்லை. நெருப்பில் கரிந்த கால்தான் இருக்கிறது. அவனைப் பாடும் பொருநராற்றுப்படையின் முடிவில் சேர்ந்திருக்கும் வெண்பாவும் "கரிகாலன் கால்நெருப் புற்று" என்றே முடிகிறது.

யானையும் அப்படித்தான். கரி என்றால் யானை என்பது வடசொல் வழி வந்தது. வெண்ணிக்குயத்தியார் புறநானூறு 66இல் அவனை எப்படிக் கூப்பிடுகிறார்? "களிஇயல் யானைக் கரிகால் வளவ." யானையைத் தனியாகச் சொல்லிவிட்டுத்தான் கரிகால் என்கிறார். அந்தக் கரியும் யானையே என்று அவர் நினைத்திருந்தால் பக்கத்திலேயே இன்னொரு யானையை நிறுத்துவாரா? சூளை நெருப்போடு வாழ்ந்த குயவர் குலத்துப் பெண், கரிதல் என்றால் என்ன என்று அவருக்கு நன்றாகவே தெரிந்திருக்கும். யானைகளுக்கு எமன் என்ற விளக்கமெல்லாம் வடமொழிச் செல்வாக்கு ஓங்கிய பிறகு வந்தது.

கட்டம்நிரப்பி

அம்மா சொன்ன இலக்கணம் அருமை. ஊறுகாயை இனி வேறு கண்ணோடு பார்ப்பேன். ஆனால் புதிரை அதற்காகத் தள்ள முடியாது. சொற்புதிர் காதுக்குக் கேட்கும் ஒலியை வைத்துப் பிரிப்பது. பெயர் எப்படிப் பிறந்தது என்று அது சொல்லத் தேவையில்லை. நான் பல வருடமாகக் குறுக்கெழுத்து போடுகிறவன். அங்கே கரியை யானை, அடுப்புக்கரி, சாட்சி என்று எதை வைத்தும் கேட்பார்கள். சாட்சி என்ற பொருள் குறளிலேயே இருக்கிறது, "இந்திரனே சாலுங் கரி". பின்பாதியில்தான் எனக்குக் குறை. தரையில் ஊன்றுவது கால், உயிரை வாங்குவது காலன். இரண்டு சொல்லை ஒரே பாதி என்று சொன்னது கொஞ்சம் தளர்வு.

மற்றபடி எங்கள் வழக்கம் ஒன்றுதான். எழுதியவர் மனத்தில் என்ன இருந்தது என்பது கணக்கில் வராது. தாளில் இருக்கும் எல்லா வரிக்கும் பொருந்தினால் அது விடை. ஆகவே ஆதித்தன் நான்காம் வரியில் உண்மையாகவே நிற்கிறானா என்பதை மட்டும் பேசுங்கள்.

வெண்ணிப்பறந்தலை

நிற்கவில்லை என்பதுதான் என் வாதமே. கல்வெட்டு "தலைகொண்ட" என்கிறது, "முடிகொண்ட" என்று இல்லை. சோழர் மெய்க்கீர்த்தியில், அதாவது கல்வெட்டின் தொடக்கத்தில் வரும் அரசன் புகழுரையில், இந்த இரண்டும் வேறு வேறு. பாண்டியனின் மணிமுடி அப்போது பாண்டிய நாட்டிலேயே இல்லை. முன்பே ஈழத்து அரசனிடம் அடைக்கலமாகப் போய்விட்டது. அதை மீட்டவன் முதலாம் ராஜேந்திரன். அவன் மெய்க்கீர்த்தியில் "தென்னவன் வைத்த சுந்தர முடியும்" என்று தெளிவாக வரும். சேவூர்ப் போரில் ஆதித்தன் தலையை எடுத்தான், சரி. முடியை எடுக்கவில்லை.

கல்வெட்டுநேசன்

மணிமுடி விஷயம் சரியான பிடி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் முடி என்றால் கிரீடம் மட்டும்தானா? "முடிமுதல் அடிவரை" என்கிறோமே, அங்கே முடி தலைதானே? மாணவி அப்படி எடுத்துக்கொண்டால் தமிழில் அது தப்பில்லை.

இளமையில் பகை என்பதற்கும் என்னிடம் சான்று உண்டு. லெய்டன் செப்பேடு என்று சொல்லப்படும் ஆனைமங்கலச் செப்பேட்டின் வடமொழிப் பகுதியில், சிறுவனாக இருந்த ஆதித்தன் வீரபாண்டியனோடு போரில் விளையாடினான், மதயானையோடு சிங்கக்குட்டி விளையாடுவதுபோல, என்று வருகிறது. இங்கே பாண்டியன் யானை, அவனுக்குக் காலன் ஆதித்தன். கரி, காலன் என்ற உங்கள் முதல் இரண்டு வரியும் அந்த ஒரு உவமையில் உயிரோடு நிற்கின்றன. சங்கப் பாட்டில் இப்படி ஒரு இடம் காட்டுங்கள், நான் வாயை மூடிக்கொள்கிறேன்.

வெண்ணிப்பறந்தலை

காட்டுகிறேன். பொருநராற்றுப்படை, முடத்தாமக்கண்ணியார் பாடியது:

"ஆளி நன்மான் அணங்குடைக் குருளை
மீளி மொய்ம்பின் மிகுவலி செருக்கி
முலைக்கோள் விடாஅ மாத்திரை ஞெரேரெனத்
தலைக்கோள் வேட்டம் களிறட் டாங்கு"

ஆளி என்பது சிங்கம் போன்ற விலங்கு, அதன் குட்டி. இன்னும் தாய்ப்பால் மறக்கவில்லை. முதல் வேட்டையிலேயே களிற்றைக் கொன்றுவிட்டது. இந்த வாக்கியம் அப்படியே ஓடி, வெண்ணியில் பனம்பூச் சேரனும் வேம்புப்பூப் பாண்டியனும் ஒரே களத்தில் மடிந்ததைச் சொல்லி, "கண்ணார் கண்ணிக் கரிகால் வளவன்" என்று பெயரில் போய் நிற்கிறது. யானையைக் கொல்லும் குட்டி, இளமை, சூழ்ந்த பகை, கரிகால் என்ற பெயர், எல்லாம் ஒரே மூச்சில். உங்கள் செப்பேட்டுக்குப் பல நூற்றாண்டு முந்தியது. பழைய கரிகாலனின் பெயரை ஆதித்தனுக்கு வைத்தவர்கள், அவனுடைய உவமையையும் சேர்த்தே கொடுத்துவிட்டார்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

கல்வெட்டுநேசன்

இந்த வரிகளைப் படித்திருக்கிறேன். செப்பேட்டின் பக்கத்தில் வைத்துப் பார்த்ததில்லை. உடம்பு சிலிர்க்கிறது. யானை வாதத்தை விட்டுவிடுகிறேன், அது முதலில் பெருவளத்தானுக்கே சொந்தம்.

ஆனாலும் "பேர் பெற்றான்" என்ற சொல்லை விடமாட்டேன். வீரபாண்டியன் தலைகொண்டான் என்பது பேர். நரைமுடி ஒரு கதை, அதனால் அவனுக்குப் புகழ் வந்தது, பேர் வரவில்லை.

தமிழம்மா

பேர் பெற்றான் என்றால் புகழ் பெற்றான் என்பதும் வழக்குதான் தம்பி. "நல்ல பேர் எடு" என்று பிள்ளைகளிடம் சொல்கிறோமே. இரண்டு பொருளுக்கும் இடம் இருக்கிறது, இரண்டு ஆளுக்கும் இடம் இருக்கிறது. வாத்தியார் அந்தப் பெண்ணுக்கு மதிப்பெண்ணைக் கொடுத்துவிடட்டும். அவள் கேட்ட கேள்விக்கு இத்தனை பேர் இவ்வளவு நேரம் பதில் தேடியிருக்கிறோம்.

புதிர்வாத்தியார்

எல்லோருக்கும் நன்றி. மதிப்பெண் கொடுக்கிறேன். இரண்டு அணியும் சமம் என்று திங்கட்கிழமை காலை வணக்கத்திலேயே அறிவித்துவிடுகிறேன். தப்பு என் வரியில், அவள் விடையில் இல்லை.

அடுத்த ஆண்டுக்குப் புதிரை மாற்றி எழுதியிருக்கிறேன். அம்மா சொன்ன க் இல்லாத கரியையும், கட்டம்நிரப்பி சொன்ன தளர்வையும் மனத்தில் வைத்து:

ஊறுகாய்க்கு உறவான பெயர், தீயில் பிறந்தது.
சொல்லைப் பிரித்தால் தரையில் ஊன்றுவான்.
நரைமுடி வைத்த இளைஞன், வழக்கை முடித்த சோழன்.
யார்?

கல்வெட்டுநேசன்

இந்த வடிவத்தில் ஆதித்தனுக்கு இடமே இல்லை. எனக்கும் வழக்கில்லை. அந்த மாணவியிடம் உடையார்குடிக் கல்வெட்டைப் பற்றிச் சொல்லுங்கள் சார். அனந்தீஸ்வரர் கோயில் சுவரிலேயே இருக்கிறது. அவள் எழுதிய பெயரை ஒருநாள் போய்ப் பார்த்துவிட்டு வரட்டும்.